அழைத்தவர்க்கே திறக்கும் கதவு

மறைந்து கொடுப்பதே மாண்புடைய கொடை என்னும் கருத்து உலகின் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. ஈகையைப் பறைசாற்றித் திரிவோரைக் கிறித்தவ மறை கடிந்துரைக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத ஞானி மைமொனிடீஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கொடுப்போனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் கொடையை மிக உயர்ந்த படிகளுள் ஒன்றாக வைத்தார். கல்லிலே பெயர் பொறித்து அன்னமிடுவோனிலும் பெயர் சொல்லாது அன்னமிடுவோனையே நம்மூர்ப் பெரியோரும் போற்றி வந்துள்ளனர். பசித்தவன் முன்னே நாணாதிருக்கவும், கொடுத்தவன் நெஞ்சிற் செருக்குப் புகாதிருக்கவும் இம்மறைவு துணைசெய்கின்றது.

ஆயின், ஈகையின் நோக்கம் பசியைத் தீர்ப்பதோடு நில்லாது, நாட்டின் சட்டத்தை மாற்றுவதாகவும், நீதிமன்றத்தின் தீர்ப்பைத் திருப்புவதாகவும், மக்களின் மனப்பாங்கையே புதுக்குவதாகவும் விரியுமிடத்து, அம்மறைவு அறமாகவே நிலைத்திருக்குமா? இவ்வினா வெறுங் கற்பனையன்று. முற்போக்கு இயக்கங்கள் பலவற்றின் பின்னே தனியார் நிதியங்களின் பணம் நிற்பது நம் காலத்தின் நடப்பு. அவற்றுட் சில, விண்ணப்பம் எதனையும் ஏற்பதில்லை. ‘எம்மை நாடி வராதீர், வேண்டுமாயின் நாமே உம்மை நாடி வருவோம்’ என்பதே அவற்றின் நியதி. இந்நியதியின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே காட்டவல்ல வரலாறு ஒன்றுண்டு. அது சார்ள்ஸ் ஃபீனி என்பவர் தோற்றுவித்த அத்திலாந்திக் நிதியத்தின் வரலாறாகும்.

தன்னை மறைத்த செல்வர்

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள எலிசபெத் நகரிலே, ஐரிஷ் வழிவந்த எளிய குடும்பமொன்றில் 1931 ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபீனி. கொரிய யுத்த காலத்தில் விமானப் படையில் வானொலிப் பணியாளராகக் கடமையாற்றினார். படையிலிருந்து மீண்டோர்க்கு அரசாங்கம் வழங்கிய கல்வி உதவியைக் கொண்டு கோர்னெல் சர்வகலாசாலையில் ஹோட்டல் நிருவாகம் பயின்றார். மாணவர் விடுதிகளிலே சான்ட்விச் விற்றுத் தம் செலவுக்குப் பணந் தேடினார் என்பர். பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்று, மத்தியதரைக் கடற்றுறைமுகங்களில் வந்து தங்கும் அமெரிக்கக் கடற்படையினருக்குத் தீர்வையற்ற மதுவகைகளை விற்கத் தொடங்கினார். 1960 இல் கோர்னெலிற் பயின்ற ரொபேட் மில்லர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து நிறுவிய வணிகமே பிற்காலத்தில் ஹொங்கொங், ஹொனலூலு முதலான விமான நிலையங்களிலும் நகரங்களிலும் தீர்வையற்ற கடைகளை நடத்திப் பெரும் பொருள் குவித்தது. 1964 இல் யப்பான் தன் மக்களின் வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியதும், யப்பானிய உல்லாசப் பிரயாணிகளின் வருகை அவ்வணிகத்தைக் கற்பனைக்கெட்டா உயரத்துக்குக் கொண்டு சென்றது.

செல்வம் பெருகிய வேளையில் ஃபீனியின் உள்ளம் வேறு திசையிற் சென்றது. செல்வர் தம் வாழ்நாளிலேயே பொருளைப் பொதுநலத்துக்கு ஈந்துவிட வேண்டுமென வற்புறுத்தி அன்ட்று கார்னெகி 1889 இல் எழுதிய கட்டுரை அவரைப் பெரிதும் கவர்ந்தது. 1982 இல் பெர்மியூடாத் தீவிலே நிதியமொன்றை நிறுவினார். 1984 இல் வணிகத்திற் தமக்குரிய பங்கு முழுவதையும் மீளப்பெற முடியாத வகையில் அந்நிதியத்துக்கு மாற்றி எழுதினார். 1988 இல் ‘ஃபோர்ப்ஸ்’ சஞ்சிகை அவரை அமெரிக்காவின் பெருஞ் செல்வர் வரிசையிற் சேர்த்துக் கணக்கிட்டபோது, அச்செல்வம் அவர் கையை விட்டு நீங்கி நான்காண்டுகள் ஆகியிருந்தன. உலகமோ அதனை அறிந்திலது.

பெர்மியூடாவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் தாபிக்கப்படும் தனியார் நிதியம், தான் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை ஆண்டுதோறும் அரசிறைத் திணைக்களத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். அவ்வறிக்கையை எவரும் பார்வையிடலாம். பெர்மியூடாவில் அக்கட்டாயம் இருக்கவில்லை. அதற்கு ஈடாக, அமெரிக்கச் சட்டம் அறக்கொடையாளருக்கு அளிக்கும் வருமான வரிச் சலுகையை ஃபீனி துறக்க வேண்டியிருந்தது, துறந்தார். வரிச் சலுகையுமின்றிப் புகழுமின்றிக் கொடுத்தார் என்ற அளவில் அவருடைய தூய்மையை ஐயுறுவதற்கு இடமில்லை. விமானத்திற் குறைந்த கட்டண வகுப்பிற் பிரயாணஞ் செய்ததும், மலிவான பிளாஸ்திக் கைக்கடிகாரம் அணிந்ததும், இறுதிக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை வீட்டில் வாழ்ந்ததும் பலர் எழுதிய செய்திகள். அவற்றை இங்கு நீட்டித்தல் வேண்டா. ஒருவரின் எளிமை அவர் கைப்பணத்தின் வலிமையைக் குறைப்பதில்லை.

அழைப்பின் முறை

பணம் பெற்றோர்க்குப் பணந் தந்தவர் யாரென்பது கூறப்படவில்லை. நியூ யோர்க்கிலிருந்த சேவைக் கம்பனியொன்றின் வாயிலாகவோ, அயர்லாந்திலிருந்த ஆலோசனை நிறுவனமொன்றின் வாயிலாகவோ கடிதங்கள் வந்தன, பணம் வந்தது. கட்டடங்களிற் பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை. கொடையாளரைப் பற்றி வாய் திறந்தால் உதவி நின்றுவிடும் என்பதும் பெற்றோர் அறிந்திருந்த நிபந்தனை. நிதியத்தின் முதற் தலைவராக விளங்கிய சட்டப் பேராசிரியர் ஹார்வி டேல் இவ்விரகசியத்தைக் கட்டிக் காத்தவர்.

ஃபீனியின் வழக்கம் யாதெனில், ஓரிடத்துக்கு ஆரவாரமின்றிச் செல்வார், சுற்றிப் பார்ப்பார், கேள்விகள் கேட்பார், எதுவும் வாக்களியாது திரும்பிவிடுவார். அங்கே பொறுப்பிலிருப்பவரின் ஆற்றலில் நம்பிக்கை பிறந்தால் மட்டும் பின்னர் அழைப்பு வரும். அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள லிமெரிக் நகரின் உயர்கல்வித் தாபனம் 1989 இல் சர்வகலாசாலையாக உயர்ந்தது. அதன் தலைவர் எட்வேட் வோல்ஷ் என்பாரிடம் ஃபீனி கொண்ட நம்பிக்கையே அங்கு பல கட்டடங்களாக எழுந்தது. 1998 இல் அயர்லாந்து அரசாங்கம் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்கென மாபெருந் திட்டமொன்றைத் தொடங்கியது. அரசாங்கம் பணமிட்டால் தாமும் பணமிடுவோம் என்ற அத்திலாந்திக்கின் வாக்குறுதியே அதற்குத் தூண்டுகோலாயிற்று. ஒரு நாட்டின் கல்விக் கொள்கை, மக்கள் பெயரறியாத ஒருவரின் அழைப்பால் திசை திரும்பியது என்பதை இங்கு கருதுதல் வேண்டும். அத்திசை நல்ல திசையே என்பது வேறு விடயம்.

1997 ஆம் ஆண்டு இத்திரை விலகிற்று. தீர்வையற்ற கடைகளின் வணிகத்தைப் பிரெஞ்சு நிறுவனமொன்றுக்கு விற்றபோது பங்காளரிடையே எழுந்த பிணக்கினால், நீதிமன்றப் பத்திரங்கள் வழியாக உண்மை வெளிப்படும் நிலை தோன்றியது. எனவே ஃபீனி தாமே ‘நியூ யோர்க் டைம்ஸ்’ பத்திரிகைக்குச் செய்தியைத் தெரிவித்தார். அதற்குள் சுமார் 60 கோடி டொலர் அவருடைய நிதியங்களினூடாக வழங்கப்பட்டிருந்தது. இரகசியம் போயிற்று, அழைப்பு முறை போகவில்லை. கேளாது வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்ற நியதி நிதியத்தின் பிற்காலத்திலும் தொடர்ந்தது.

இம்முறைக்குச் சார்பாகக் கூறத்தக்கவை பல. கதவைத் திறந்து வைத்தால் ஆயிரம் விண்ணப்பங்கள் வரும். அவற்றுட் பெரும்பாலன மறுக்கப்படும். மறுக்கப்படவிருக்கும் விண்ணப்பத்தை எழுதுவதிலே சிறிய சங்கங்களின் உழைப்பு வாரக்கணக்கில் வீணாகும். அன்றியும், விண்ணப்பம் எழுதுவதில் வல்லவரே வெல்வர். செயலில் வல்லவர் தோற்பர். மேலும், பெரும்பான்மையோர் வெறுக்கும் காரியங்களை மேற்கொள்வோர் உண்டு. மரண தண்டனையை ஒழிக்க முயல்வோர், சிறை மீண்டோருக்காகப் பேசுவோர், ஒருபாலுறவினரின் உரிமைக்கு வாதிடுவோர் போன்றோர் வெளிச்சத்திற் கையேந்தினால் தொடக்கத்திலேயே நசுக்கப்படுவர். அத்தகையோரைத் தேடிச் சென்று கண்டுபிடிக்கும் கொடையாளர் இல்லையேல் அவ்வியக்கங்கள் முளையிலேயே கருகியிருக்கும்.

இவை வலிய நியாயங்களே. எனினும் இவற்றுக்கு மறுபுறமுண்டு. தேடுவோரின் கண் எங்கெங்கு செல்லுமோ அங்கங்குதான் அழைப்பும் செல்லும். நிதியத்தின் அலுவலர் யாரை அறிவர்? தாம் பயின்ற சர்வகலாசாலைகளிற் பயின்றோரையும், தலைநகரங்களில் ஆங்கிலம் பேசும் சட்டத்தரணிகளையும், மாநாடுகளிற் சந்தித்தோரையும் எளிதில் அறிவர். தொலைக் கிராமமொன்றில் தாய்மொழியன்றி வேறறியாத ஒரு பெண்மணி கூலியாளரை ஒன்று திரட்டியிருப்பாளாயின், அவளை அறிந்துகொள்ளும் வழி அவர்களுக்கு அரிது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவன் காரணங் கேட்கலாம், முறையிடலாம், பத்திரிகைக்கு எழுதலாம். அழைக்கப்படாதவனோ தான் ஒதுக்கப்பட்டதையே அறியான். இம்முறையின் ஆழமான குறை இதுவே.

நீதிமன்றமும் வீதியும்

அத்திலாந்திக்கின் பணி சிறந்து விளங்கிய இடங்களுள் தென்னாபிரிக்கா ஒன்று. நிறவெறி ஆட்சி 1994 இல் முடிவுற்றது. 1996 இன் அரசியலமைப்பு, பேச்சுரிமை போன்றவற்றோடு வீடு, சுகாதாரம், கல்வி ஆகியவற்றையும் உரிமைகளாக எழுதி வைத்தது. எழுத்தில் இருந்த உரிமையை வாழ்வில் இறக்குவதற்குச் சட்டத்தரணிகளும் மக்கள் சங்கங்களும் வேண்டியிருந்தன. நிறவெறிக் காலத்திலேயே, 1979 இல், தோன்றிய சட்டவள நிலையமும், எயிட்ஸ் நோயாளருக்காக 1998 இல் எழுந்த சிகிச்சைச் செயலியக்கமும் அத்திலாந்திக்கின் உதவியைப் பெற்ற அமைப்புகளுள் அடங்கும்.

தாயிடமிருந்து சேய்க்கு எயிட்ஸ் கிருமி தொற்றாது தடுக்கும் நெவிரப்பீன் என்னும் மருந்தை அரசாங்க வைத்தியசாலைகள் எங்கும் வழங்க வேண்டுமென்று கோரி, சிகிச்சைச் செயலியக்கம் வழக்குத் தொடுத்தது. அன்றைய ஜனாதிபதி தாபோ எம்பெக்கியின் அரசாங்கம் அம்மருந்தைச் சில நிலையங்களோடு மட்டுப்படுத்தியிருந்தது. 2002 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இயக்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்த தீர்ப்பு அது.

இத்தகைய வெற்றிகளின் இரகசியம் யாது என்பதை ஆராயுமாறு அத்திலாந்திக் நிதியம் கில்பேட் மார்க்கஸ், ஸ்டீவன் பட்லென்டர் என்னும் இரு சட்டத்தரணிகளிடம் பொறுப்பளித்தது. 2008 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின் சாரம் எளிமையானது. வழக்கு மட்டும் தனித்து நின்று சமூகத்தை மாற்றுவதில்லை. மக்களுக்கு அறிவூட்டல், தனியாளுக்கு ஆலோசனை வழங்கல், மக்களைத் திரட்டல், வழக்காடல் ஆகிய நான்கும் ஒருங்கே இயங்குமிடத்தே மாற்றம் நிகழ்கின்றது என்பதே அது. பணத்தின் எல்லையை இக்கூற்று நன்கு காட்டுகின்றது. சட்டத்தரணிக்குச் சம்பளம் கொடுக்கலாம், துண்டுப்பிரசுரம் அச்சிடலாம், பஸ் வண்டிக்குக் கட்டணம் செலுத்தலாம். ஆயினும் அந்த வண்டியில் ஏறி நீதிமன்ற வாயிலில் வந்து நிற்கும் தாயின் உறுதியைப் பணங் கொடுத்து வாங்க முடியாது.

அவ்வுறுதி நிலைத்திருந்தாலும் இயக்கத்தின் அலுவலகம் நிலைக்குமென்பதில்லை. 2014 ஆம் ஆண்டின் இறுதியில் அதே சிகிச்சைச் செயலியக்கம், பணமின்மையாற் கதவடைக்க நேரலாமென்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. நோயாளரான ஏழைகளே பெரும்பாலும் அங்கத்தவராயுள்ள இயக்கம், கடல் கடந்த கொடையாளரைச் சார்ந்து வளர்ந்தமையின் விளைவு அது. தென்னாபிரிக்காவிலிருந்து விலகும் நாள் நெருங்கியபோது அத்திலாந்திக் இதனை உணராமலில்லை. வேறு பெரிய நிதியங்களுடன் சேர்ந்து, அரசியலமைப்பு உரிமைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் தொடர்ந்து உதவிபெறுமாறு தனியானதொரு நிதியை ஏற்படுத்திச் சென்றது.

சட்டத்தின் எல்லை கடந்த சுதந்திரம்

தனியார் நிதியங்கள் அரசியலிற் தலையிடுவதைப் பற்றிய ஐயம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. ரொக்கஃபெல்லர் நிதியம் 1913 இல் தோன்றியது. அடுத்த ஆண்டு கொலறாடோ மாநிலத்தின் லட்லோ என்னுமிடத்திலே, ரொக்கஃபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களும் கொல்லப்பட்டனர். அது குறித்து விசாரித்த கைத்தொழில் உறவுகள் ஆணைக்குழு, பெருநிதியங்களின் அதிகாரத்தையும் தன் விசாரணைக்குள் இழுத்தது. தொழிலாளருக்குரிய கூலியிலிருந்து சேர்ந்த பொருளைக் கொண்டு கல்வியையும் பொதுமக்கள் அபிப்பிராயத்தையும் சிலர் வழிநடத்துவது குடியாட்சிக்கு ஊறு என்பது அன்றெழுந்த குற்றச்சாட்டு. 1969 இல் நிறைவேறிய வரிச் சட்டம் தனியார் நிதியங்களுக்குப் பல கட்டுப்பாடுகளை விதித்தது. சட்டமன்றத்தினரைத் தம்பக்கம் சேர்க்கும் முயற்சிக்கு அவை பணஞ் செலவிடுதல் ஆகாது என்பது அவற்றுள் முக்கியமானது.

பெர்மியூடாவிலிருந்த அத்திலாந்திக்கை இத்தடை கட்டுப்படுத்தவில்லை. 2007 இல் அதன் தலைமையை ஏற்ற கேரா லாமார்ஷ், சமூக நீதியை நிதியத்தின் முதன்மை நோக்காக்க முயன்றவர். அவர் காலத்தில், ‘ஹெல்த் கேர் ஃபோர் அமெரிக்கா நவ்’ என்ற கூட்டமைப்புக்கு 2½ கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை வழங்கப்பட்டது. தொழிற்சங்கங்களும் மக்கள் சங்கங்களும் இணைந்த அக்கூட்டமைப்பு, எல்லோர்க்கும் சுகாதாரக் காப்புறுதி கிட்ட வேண்டுமென நாடெங்கும் இயக்கம் நடத்தியது. 2010 மார்ச் மாதத்தில் ஜனாதிபதி ஒபாமா சுகாதாரச் சட்டத்திற் கையொப்பமிட்டார். காப்புறுதி இல்லாதிருந்த கோடிக்கணக்கானோர் அதனாற் பயன்பெற்றனர்.

ஏழையின் நோயைப் பொதுப் பொறுப்பாகக் கருதும் எவரும் இவ்விளைவை வரவேற்பர். எனினும் முற்போக்காளர் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்க வேண்டிய வினாவொன்றுண்டு. அதே காலத்தில், அதே சட்டத்தை எதிர்த்துப் போராடிய அமைப்புகளுக்குக் கோக் சகோதரர் போன்ற எண்ணெய்ச் செல்வர்கள் பணம் வழங்கினர். அவர்கள் மறைந்து கொடுத்தபோது அதனைக் குடியாட்சியின் சீரழிவு என்றோம். நமக்கு உவந்த காரியத்துக்கு மறைந்து கொடுத்தால் அதனை அறம் என்போமா? நோக்கம் நல்லதாயிருத்தல் ஒன்றே போதுமெனின், எந்நோக்கம் நல்லது என்று தீர்மானிக்கும் உரிமையைப் பணமுடையோரிடமே ஒப்படைத்தவராவோம்.

டப்ளின் தரும் பாடம்

அழைப்பால் வந்தது அழைப்பின்றியே போகும் என்பதற்கு 2005 ஆம் ஆண்டில் அயர்லாந்தில் நிகழ்ந்தது சான்று. அந்நாட்டு அரசியலிலும் வணிகத்திலும் நிகழும் முறைகேடுகளை ஆராய்ந்து வெளியிடுவதற்கெனப் பொதுவிசாரணை நிலையம் என்னும் அமைப்பு அவ்வாண்டில் டப்ளின் நகரிலே தொடங்கப்பட்டது. ஊழல் விசாரணை மன்றமொன்றைத் தலைமை தாங்கி நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதி ஃபேர்கஸ் ஃப்ளட் அதன் தலைவராயிருந்தார். அத்திலாந்திக் நிதியம் ஐந்தாண்டுகளுக்கு 40 இலட்சம் யூரோ வழங்குவதாக உறுதியளித்திருந்தது. பழைய கோட்டையொன்றின் அருகே ஹோட்டல் கட்ட அனுமதித்தமை பற்றியும், மேற்குக் கரையில் அமையவிருந்த எரிவாயுக் குழாய் பற்றியும் நிலையம் அறிக்கைகளை வெளியிட்டது.

அவ்வாண்டு இறுதியில், நீதியமைச்சராயிருந்த மைக்கேல் மெக்டவல், நிலையத்தின் பணிப்பாளர் முன்னர் போலிக் கடவுச்சீட்டிற் கொலம்பியாவுக்குச் சென்றவரெனப் பாராளுமன்றத்திற் குற்றஞ் சாட்டினார். பணிப்பாளர் அதனை மறுத்தார். எந்த நீதிமன்றமும் அக்குற்றச்சாட்டை விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் அமைச்சர் ஃபீனியை நேரிற் சந்தித்துத் தம் கருத்தை எடுத்துரைத்திருந்தார். டிசெம்பரில் அத்திலாந்திக் தன் உதவியை நிறுத்திக்கொண்டது. வேறு வருமானமற்ற நிலையம் சில மாதங்களில் மூடப்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இங்கு நம் நோக்கமன்று. அந்நிலையத்தை மூடுவதற்கு ஓர் அமைச்சருக்குச் சட்டம் தேவைப்படவில்லை, வழக்குத் தேவைப்படவில்லை, பாராளுமன்ற வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. கொடையாளரின் மனம் மாறினாற் போதுமானதாயிருந்தது. ஆயிரக்கணக்கான மக்களின் சிறு சந்தாப் பணத்தால் நடந்திருக்குமாயின், அத்தனை பேரின் மனத்தையும் மாற்றவேண்டியிருந்திருக்கும். அதிகாரத்தை விசாரிக்கப் புறப்பட்ட அமைப்பு ஒற்றைக் கயிற்றிலே தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அந்நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது.

காணாது கொடுத்த பரிசில்

கொடுப்போனுக்கும் கொள்வோனுக்குமிடையே நிகழும் இப்போராட்டம் தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையில் வாடி எதிர்ப்படும் மற்றொருவனை நோக்கி, இன்ன வழியே செல்க, இன்னானைக் காண்க என்று வழிப்படுத்துவதே ஆற்றுப்படையின் அமைப்பு. பெற்றவன் வாய் திறந்து சொல்லல் அங்கே கடமையாகின்றது. அத்திலாந்திக் நிதியம் தன் தொடக்க காலத்தில் விதித்த நிபந்தனையோ இதற்கு நேர்மாறு. பெற்றவன் வாய்மூடியிருத்தலே அங்கு கடமை. எனவே அடுத்தவனுக்கு வழி தெரிவதில்லை.

ஆற்றுப்படையினும் நம் விடயத்துக்கு நெருங்கிய செய்தி புறநானூற்றில் உண்டு. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமானஞ்சியை நாடிச் சென்றார். அவனோ அவரை நேரிற் காணாது, இப்பொருளைக் கொண்டு செல்க என்று பரிசிலை மட்டும் அனுப்பினான். புலவர் கடும் வறுமையில் உழன்றவர். எனினும் அதனை ஏற்றிலர். தம் தகுதியை அறியாது எறிந்த பொருளைக் கொள்வதற்குத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. அறிந்து தருவதாயின் சிறிதாயினும் இனிது என்றும் கருதினார்.

வறியவரான புலவர்க்கு அவ்வாறு மறுக்கும் வலிமை எங்கிருந்து வந்தது? ஒரு வாயில் அடைத்தால் மறுவாயில் உண்டு என்ற உறுதியிலிருந்து வந்தது. குறுநில மன்னரும் வேளிரும் பலராயிருந்த காலம் அது. இன்றைய சமூக இயக்கமொன்று, தன்னை அழைத்த ஒரேயொரு நிதியத்திடம் இவ்வாறு நிமிர்ந்து நின்று மறுத்துரைத்தல் எளிதன்று. நிதியத்தின் நோக்கம் மாறினால் இயக்கத்தின் நோக்கமும் மெல்ல மாறத் தொடங்கும். எவரும் கட்டளையிடுவதில்லை, எவரும் விலைபோவதுமில்லை. அடுத்த ஆண்டும் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்ற கவலை ஒன்றே போதும், எதைப் பேசுவது எதை விடுவது என்பதைத் தீர்மானிக்க. நேர்மையுள்ளோரையும் பற்றும் நோய் இது.

முடிவுள்ள நிதியம்

ஃபீனியும் அவருடைய துணைவரும் இக்குறைகளுள் ஒன்றுக்கேனும் விடை கண்டனர். நிதியம் என்றென்றும் வாழ்தல் வேண்டா என்று 2002 இல் முடிவு செய்தனர். 2016 ஆம் ஆண்டுடன் புதிய கொடைகளை நிறுத்திக்கொண்டனர். 2020 செப்டெம்பர் 14 இல் நிதியம் முறைப்படி கலைக்கப்பட்டது. அதன் வாழ்நாளில் வழங்கிய மொத்தத் தொகை 800 கோடி டொலருக்கு மேற்பட்டது. நிதியத்தின் ஏடுகளும் கடிதங்களும் கோர்னெல் சர்வகலாசாலையின் நூலகத்திற் சேர்க்கப்பட்டுள்ளன. 2023 ஒக்டோபர் 9 இல், தமது 92 ஆம் வயதில், ஃபீனி காலமானார். இறந்தவரின் விருப்பம் பல தலைமுறைக்குப் பின்னும் உயிருள்ளோரை ஆளும் கொடுமையை அவர் தவிர்த்தார் என்பது சிறப்பு.

ஆயினும் முடிவு தேடிக்கொள்ளல் பொறுப்புக் கூறலாகாது. உயிரோடிருக்கையில் எவரும் வினவ முடியாதிருந்த அதிகாரத்தை, அது மறைந்த பின்னர் ஏடுகளிற் படித்தறிதல் வரலாற்றாசிரியர்க்குப் பயன்படும். காலத்தில் அழைக்கப்படாது நின்றவனுக்குப் பயன்படாது. எனவே, முற்போக்குக் காரியங்களுக்குப் பணமீயும் நிதியங்களிடமிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டியவை சில உள. யாருக்கு எவ்வளவு எதன்பொருட்டுக் கொடுக்கப்பட்டது என்பதை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து நேருமிடம் தவிர்த்து, அவ்வப்போது வெளிப்படுத்தல் வேண்டும். அழைப்புக்குரியோரைத் தெரியும் இடத்திலே, எவருடைய துன்பத்தின் பெயராற் பணம் செலவாகின்றதோ அவர்களிற் சிலரும் அமர்ந்திருத்தல் வேண்டும். பெற்றவன் கொடுத்தவனைக் குறை கூறினாலும் உதவி நில்லாது என்ற உறுதி எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இயக்கங்களும் ஒன்றை மறத்தலாகாது. அழைத்தவர்க்கே திறக்கும் கதவினூடே வருவது பெரும் பணமாயினும், அது உள்ளே செல்வோரையே வாழ்விக்கும். வீட்டுக்கு வீடு சேரும் பிடியரிசியோ சிறிது. அதைச் சேர்ப்பது கடினம். ஆனால் அதனை இட்ட ஒவ்வொரு கையும் இயக்கத்தைக் கணக்குக் கேட்கும் உரிமை பெறுகின்றது. நிதியங்களின் உதவியை வேண்டாமென்று தள்ளுதல் இக்காலத்தில் எல்லோர்க்கும் இயல்வதன்று. அவ்வுதவி நாளை நின்றாலும், கலங்காது நடப்பதற்கு வேண்டிய அளவு தன் மக்களிடமிருந்தே பெறும் இயக்கமே, பெருஞ்சித்திரனாரைப் போல, வேண்டுமிடத்துப் பரிசிலைத் திருப்பி அனுப்ப வல்லதாகும்.